நடுப்படியில் நின்றவர்களின் கணக்கு

1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் இன்றைய தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் இறக்கிய ஒப்பந்தக் கூலிகளுக்கு ஊர் இருந்தது, சாதி இருந்தது, தாய்மொழி இருந்தது. 'இந்தியர்' என்ற இன அடையாளம் அங்கே போன பிறகு வாய்த்தது. வெள்ளையர் ஆட்சி எழுதிய ஏணியில் அவர்களுக்கு வெள்ளையருக்குக் கீழே, ஆப்பிரிக்கருக்கு மேலே ஒரு படி கிடைத்தது.

1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் அந்த ஏணியைக் கெட்டிப்படுத்தியது. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கூட இனத்தைத் தீர்மானித்தார்கள். அறிவியலில் இதற்கு இடமே இல்லை. ஆனால், யார் எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் இந்தப் பதிவே முடிவு செய்தது. ஆகவே 'இனம் என்பதே பொய்' என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. அந்தப் பொய்யின் மேல்தான் வீடுகள் கட்டப்பட்டன, இடிக்கவும்பட்டன.

டர்பனின் கேட்டோ மேனரில் இந்தியர் நில உரிமையாளர்கள். ஆப்பிரிக்கர் பெரும்பாலும் அவர்களிடம் குடியிருந்தவர்கள். அந்த உறவில் வளர்ந்த பகைமையும் சேர்ந்துதான் 1949 ஜனவரியில் கலவரமாக வெடித்தது. 142 பேர் மாண்டார்கள். பிறகு, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் இரு தரப்பையுமே அங்கிருந்து விரட்டியது: ஆப்பிரிக்கரை க்வாமாஷுவுக்கு, இந்தியரைச் சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களுக்கு.

இந்தப் படிநிலையை மறுத்தவர்களும் உண்டு. ஸ்டீவ் பிக்கோவின் கறுப்பர் விழிப்புணர்வு இயக்கம், ஒடுக்கப்பட்ட அனைவரும் கறுப்பரே என்றது. ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்ற இந்திய வம்சாவளியினர் அதற்காக ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். 1983 அரசியல் சாசனம் ஆப்பிரிக்கரை ஒதுக்கிவிட்டு இந்தியருக்கு நாடாளுமன்றத்தில் தனி அவை கொடுத்தபோது, பெரும்பாலான இந்தியர் அதற்கு வாக்களிக்கவே போகவில்லை.

1991இல் பதிவுச் சட்டம் ரத்தானது. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை ஆராய அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 1996இல் விசாரணையைத் தொடங்கியது. அது கேட்டது கொலையையும் சித்திரவதையையும். வாடகை, வேலை, சம்பந்தம் என்று அன்றாடத்தில் ஊறிய பாகுபாட்டைப் பேச அங்கே நேரமில்லை, வீடுகளிலும் பேசவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பன் அருகே இந்தியருக்கென உருவாக்கப்பட்ட ஃபீனிக்ஸில் 30க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் கொல்லப்பட்டபோது அந்த மௌனத்தின் விலை தெரிந்தது.

இனத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது என்றால் பட்ட காயத்தைச் சொல்வது மட்டுமல்ல. அது எளிது, தாத்தா இழந்த வீட்டைப் பற்றிப் பேரன் பெருமூச்சோடு சொல்லிவிடுவான். அந்த வீட்டின் பின்கட்டில் யார் வாடகைக்கு இருந்தார்கள், அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதையும் அவனே சொல்ல வேண்டும். நடுப்படியில் நின்றவருக்கு மேலே பார்க்கும் கோபம் இயல்பாக வரும். கீழே பார்க்கும் பொறுப்பைத்தான் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.