பையில் ஒரு மடக்குக்கத்தி

என்னிடம் ஒரு சிறிய மடக்குக்கத்தி இருக்கிறது. அதன் அலகு என் சுண்டுவிரல் நீளம்கூட வராது. நண்பர்களோடு குனோங் லேடாங் ஏறியபோது கூடாரக் கயிறு அறுக்கவும் கொய்யா நறுக்கவும் அதுதான் உதவியது. திரும்பும் வழியில் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார். "இது எதற்கு?" என்று கேட்டார். கூடாரத்தையும் சேறு படிந்த காலணிகளையும் காட்டினோம். சிரித்தபடி அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் கழித்து, விரிவுரைக்குச் செல்லும் இரயிலில் பேனாவைத் தேடினேன். கையில் அகப்பட்டது அதே கத்தி! சட்டத்துறைத் தோழியிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அன்று உன்னைக் காப்பாற்றியது அந்தச் சேறு. இன்று எதைக் காட்டுவாய்?" என்றாள்.

அவள் எடுத்துக்காட்டியது 1958-ஆம் ஆண்டு அரிப்பு, வெடிபொருள் மற்றும் அபாயகர ஆயுதச் சட்டம். தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் அதன்படி ஆயுதமே. சட்டப்படியான அதிகாரமோ நோக்கமோ இன்றிப் பொதுவிடத்தில் அதை வைத்திருந்தால், 6(1)-ஆவது பிரிவின்கீழ் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படி. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இங்கே கத்திக்கும் பொருந்துகிறது.

'கடையில் விற்கிறார்களே, பிறகென்ன?' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வாங்குவது வேறு, காரணமின்றிச் சுமந்து திரிவது வேறு. என் தாத்தா பால்மரம் சீவும் கத்தியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வேலைக்குப் போனவர். அவர் போன இடமே அவருக்குச் சாட்சி. அதே கத்தியோடு பேரன் இரவு பதினொரு மணிக்குப் பேரங்காடியில் நின்றால், யார் சாட்சி சொல்வது?

கும்பல் சண்டைகளில் பாராங் கத்தி ஓங்கப்படும் நாட்டில் சட்டம் கடுமையாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், வெட்டும் எண்ணத்தோடு வருபவனுக்கும் பையிலிருந்து எடுத்து வைக்க மறந்தவனுக்கும் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு என்று ஒரே அளவுகோலை வைப்பது நியாயமா? பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டம், அலகு 3 அங்குலத்தைத் தாண்டாத சாதாரண மடக்குக்கத்தியைக் காரணம் கேட்காமல் அனுமதிக்கிறது. தாக்கும் நோக்கம் இருந்தால் அங்கும் அது குற்றமே. அப்படி ஒரு தெளிவான எல்லை நமக்கும் வேண்டும்; தண்டனையைத் தீர்மானிப்பதில் நீதிபதிக்கும் சற்று இடம் வேண்டும்.

அதுவரை, மலையேறும் நண்பர்களே, கத்தியின் இடம் கூடாரப் பைதான், புத்தகப் பை அல்ல. வீடு திரும்பியதும் முதலில் அதை எடுத்து வையுங்கள். பட்டச்சுருளுக்காகப் பெற்றோர் காத்திருக்கும் வீட்டுக்கு, மறதியால் ஒரு குற்றப்பத்திரிகை போய்ச் சேர வேண்டாம்.