மீட்டருக்குத் தலைக்கணக்குத் தெரியாது

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியாக வந்த கரண்ட் பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பத்தாம் தரப் பிள்ளைகளுக்குச் சதவீதம் படிப்பிக்க, ஆளுக்கொரு கரண்ட் பில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளையின் பில் 58 யூனிட். பக்கத்துப் பிள்ளையின் பில் 63. வரி நீங்கலாக முதலாவதற்கு 569 ரூபாய், இரண்டாவதற்கு 1,220 ரூபாய் 50 சதம். ஐந்து யூனிட்டுக்கு 650 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். "சேர், பில் பிழை" என்றார்கள். நாங்கள் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். பில் சரி. பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

2025 ஜூன் திருத்தத்தின்படி 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30க்கு 4.50 ரூபாய், அடுத்த 30க்கு 8 ரூபாய், நிலையான கட்டணம் 210. 61ஐத் தொட்டால் அந்த மலிவு விலை மொத்தமும் போய்விடும். முதல் யூனிட்டில் இருந்தே 12.75 ஆகும், 61இல் இருந்து 90 வரை 18.50, நிலையான கட்டணம் 400. 91ஐத் தொட்டால் அடுத்த யூனிட்டுகள் 24 ரூபாய்தான், ஆனால் நிலையான கட்டணம் 1,000 ஆகப் பாயும். 120ஐத் தாண்டினால் யூனிட் 41 ரூபாய், நிலையானது 1,500. படி என்று இதற்குப் பெயர். படியில் கால் வைத்து ஏறலாம், இது மதில்.

இனி நம் ஊர் வளவுக்குள் வாருங்கள். முன்வீட்டில் வாப்பா, உம்மா, படிக்கிற இரண்டு பிள்ளைகள். பின்வீட்டில் கல்யாணம் முடித்த மூத்த மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். பின்வீட்டுக்கு முன்வீட்டில் இருந்து வயர் இழுத்திருக்கிறது. இரண்டு குடும்பம், எட்டுத் தலை, ஒரு மீட்டர். மாதம் 110 யூனிட் ஓடினால் பில் 2,800 ரூபாய். இதே 110 யூனிட் இரண்டு மீட்டரில் 55, 55 ஆக ஓடினால் ஒரு வீட்டுக்கு 545, இரண்டுக்கும் சேர்த்து 1,090. ஒரு பல்பு கூடுதலாக எரியவில்லை. ஆனாலும் மாதம் 1,710 ரூபாய் கூட. வருடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல். தனி மீட்டர் எடுக்கலாமே என்பீர்கள். அதற்கு ஒரே தடவையில் கட்டவேண்டிய காசு இருந்தால் அந்த மருமகன் எப்போதோ எடுத்திருப்பார்.

கூடப் பாவிக்கிறவன் கூடக் கட்டட்டும், ஏழைகளைக் காப்பதற்குத்தான் இந்த முறை என்று படித்தவர்களே என்னிடம் சொல்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் யார் காக்கப்படுகிறார்? எட்டுப் பேருக்கு 110 யூனிட் என்றால் தலைக்கு 14கூட இல்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் 60 யூனிட் என்றால் தலைக்கு 30. சலுகை இரண்டாவது வீட்டுக்குத்தான். விடுமுறைக்கு மட்டும் திறக்கிற கடற்கரை பங்களாவும், பூட்டிக் கிடக்கிற மாதங்களில், மீட்டர் கணக்கில் ஏழை வீடுதான். கூட்டுக்குடும்பம்தான் பணக்காரன்! அஸ்வெசுமவுக்கு வீட்டில் எத்தனை பேர் என்று எழுதி வாங்கிய அரசுக்கு, கரண்ட் பில்லில் அந்தத் தலைக்கணக்கைப் பார்க்க மட்டும் ஏன் மனம் வரவில்லை?

ஒரு தப்பான பேச்சையும் நிறுத்துவோம். மீட்டர் பார்க்கிறவர் ஐந்து நாள் பிந்தி வந்ததால்தான் மேல் படிக்குப் போனோம் என்பது சரியில்லை. நாட்கணக்குக்கு ஏற்பப் படியும் நீளும். 35 நாள் பில் என்றால் 60 என்பது 70 ஆகும். பில்லில் இரண்டு திகதியும் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். அந்தத் தம்பியோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

அடுத்தது குசினி. கேஸ் விலை 2021 ஒக்டோபரில் ஒரே இரவில் 1,493இல் இருந்து 2,750க்குப் போனதையும், 2022இல் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. அந்தப் பயத்தில்தான் "கேஸை விடுங்கள், கரண்டில் சமையுங்கள்" என்ற பேச்சு எடுபடுகிறது. கணக்குப் பாருங்கள். 12.5 கிலோ சிலிண்டரில் உள்ள சூடு ஏறக்குறைய 160 யூனிட்டுக்குச் சமம். சாதாரண அடுப்பில் அதில் பாதிதான் சட்டிக்குப் போகும். 2025இல் இருந்த 3,690 ரூபாய் என்ற கொழும்பு விலைப்படி, 30 யூனிட் கரண்டில் ஆகும் சமையலைக் கேஸில் செய்ய 1,200 ரூபாய்க்குக் கிட்டப் போனது.

அதே 2025 விலைகளில் அந்த 30 யூனிட்டுக்குக் கரண்டில் எவ்வளவு? நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 55இல் இருந்து 85க்குப் போனால் 1,082 ரூபாய் கூடும். மிச்சம் நூறு ரூபாய், அதற்கு ஒரு ரைஸ் குக்கரும் வாங்கவேண்டும். 85இல் இருந்து 115க்குப் போனால் 1,292, நட்டம். 115இல் இருந்து 145 என்றால் 1,645, பெரிய நட்டம். ஏற்கனவே 62இல் நிற்கிற வீடு 90 வரை போனால் மட்டும் 518 ரூபாயோடு முடியும். அவர்களுக்குக் கரண்ட் அடுப்பு லாபம், தாராளமாகச் சமைக்கட்டும். ஆக, கடைக்காரர் சொல்கிற ஒரே பதில் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. நோன்பு மாதத்தில் சஹருக்கும் இஃப்தாருக்கும் அடுப்பெரியும்போது இந்தக் கணக்கு இன்னும் இறுகும்.

இதையெல்லாம் சம்பூரில் இருந்து பார்க்கும்போதுதான் மனம் எரிகிறது. 2006 ஏப்ரலில் இந்த மக்கள் குண்டுக்குப் பயந்து ஓடினார்கள். அதே வருடம் ஆகஸ்டில் மூதூரில் இருந்து நாங்கள் கந்தளாய்க்கு ஓடினோம். நாங்கள் திரும்பி வந்தோம், அவர்கள் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். அவர்களின் மண்ணில் அனல் மின்நிலையம் என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பில் இருந்தபடியே 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள். பேசிய விலை யூனிட்டுக்கு 5.97 அமெரிக்க சதம், நம் காசில் 18 ரூபாய் அளவு. வரட்டும், நிலக்கரிப் புகையை விட வெயில் எவ்வளவோ மேல். ஆனால் அந்த வேலிக்குப் பக்கத்தில் எட்டுப் பேரோடு வாழ்கிறவரை அந்த 2025 ஜூன் திருத்தம் 24 ரூபாய்ப் படியில் நிறுத்தியது.

ஒவ்வொரு கட்டணத் திருத்தத்துக்கு முன்னும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. தமிழிலேயே எழுதலாம். நாம் தேநீர்க் கடையில் ஏசுகிறோம், எழுதுவதில்லை. நான் எழுதப்போவது இரண்டு விஷயம்: படி தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் புது விலை எடுங்கள், ஆறு பேருக்கு மேல் உள்ள வீட்டுக்குப் படியை நீட்டுங்கள்.

அதற்கு எனக்கு வெறும் கோபம் போதாது, உங்கள் வீட்டுக் கணக்கு வேண்டும். பெயர், கணக்கிலக்கம் எதுவும் வேண்டாம். வீட்டில் எத்தனை பேர், பில் எத்தனை நாளுக்கு, எத்தனை யூனிட், எவ்வளவு காசு, கேஸா விறகா கரண்டா என்று மட்டும் கீழே எழுதுங்கள். பில் தொலைந்திருந்தால் இன்று இஷாவுக்குப் பிறகு மீட்டர் இலக்கத்தைக் குறியுங்கள், ஏழு நாள் கழித்து அதே நேரம் மறுபடி குறியுங்கள். கழித்து வருவதை ஏழால் பிரித்து முப்பதால் பெருக்குங்கள். முடியாவிட்டால் பிள்ளையிடம் கொடுங்கள், பத்தாம் தரத்துக்கு இப்போது இது தண்ணீர் பட்ட பாடு.