திமிங்கிலம் தொலைத்ததை நாம் மறக்கலாமா?

கடந்த ஜூன் விடுமுறையில், உயர்நிலை மூன்றில் படிக்கும் என் சித்தி மகனை லீ கொங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அழைத்துச் சென்றேன். 2015ஆம் ஆண்டு ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் 10.6 மீட்டர் நீள எலும்புக்கூடு அங்குதான் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவன், "அக்கா, மீன் மாதிரி நீந்துற இதுக்குத் துடுப்புக்குள்ள எதுக்கு விரலெலும்பு?" என்று கேட்டான்.

"தண்ணியில வாழுறதுக்காகக் கால் துடுப்பா மாறிடுச்சு" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் கட்டுரையில் நான் இப்படி எழுதியபோது, 'வாழ்வதற்காக' என்ற இடத்தை ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். எந்த விலங்கும் ஒன்றை வேண்டும் என்று நினைத்து மாறுவதில்லை. மரபணுக்களில் தற்செயலாக மாற்றங்கள் ஏற்படுகின்றன. அவற்றில் உதவுபவை நிலைக்கின்றன, கெடுப்பவை கழிகின்றன. இந்தச் சிறு வேறுபாடு வெறும் தேர்வு மதிப்பெண் பற்றியது அன்று என்பதே என் கருத்து.

ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய பாகிஸ்தான் இருக்கும் பகுதியில் பாக்கிசீட்டஸ் என்ற விலங்கு நான்கு கால்களில் நடந்தது. அளவில் அது ஓர் ஓநாயை ஒத்தது. திமிங்கிலங்களின் ஆதி உறவினர் அதுதான். இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. அந்த விரலெலும்புகள் தரையில் நடந்த காலத்தின் மிச்சம்.

இந்தக் கதையை நாம் எப்போதும் 'பெற்றவை' பற்றியே சொல்கிறோம்: துடுப்பு, வால், எதிரொலியால் வழியறியும் திறன். ஆனால், திமிங்கிலத்தின் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் கண்டது இழப்புகளின் நீண்ட பட்டியல். மோப்பத்துக்கும் சுவைக்கும் உரிய மரபணுக்கள் பல செயலிழந்துவிட்டன. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நிலத்திலிருந்து நீருக்கு மாறிய காலத்தில் செயலிழந்த 85 மரபணுக்களை அடையாளம் கண்டது. உமிழ்நீர் சுரப்புக்கு உதவும் மரபணு போயிற்று. நீருக்குள் இரை விழுங்கும் விலங்குக்கு அது தேவைப்படவில்லை. உறக்கத்தை ஒழுங்குபடுத்தும் மெலடோனின் தொடர்பான மரபணுக்களும் போயின. மூச்சு விட மேலே வர வேண்டியிருப்பதால் இவை மூளையின் ஒரு பாதியை மட்டுமே ஒரு நேரத்தில் உறங்கவிடுகின்றன. இரத்தம் உறைவதில் பங்குள்ள சில மரபணுக்கள் போனது ஆழத்தில் முக்குளிக்கும்போது நன்மையாகவே இருந்திருக்கலாம்.

ஆக, இழப்பும் பரிணாமத்தின் ஒரு வழிதான். ஆனால், அந்த இழப்புக்கு ஒரு விலை உண்டு.

2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'பான்-1' என்ற மரபணுவைப் பற்றி எழுதினார்கள். மனிதர் உட்பட நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் அது உருவாக்கும் நொதி, ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளின் நச்சைச் சிதைக்க உதவுகிறது. திமிங்கிலம், ஓங்கில், கடற்பசு ஆகியவற்றிலும் சில கடல்நாய் இனங்களிலும் அந்த மரபணு செயலிழந்திருக்கிறது. இக்கடல் விலங்குகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, அதனால் அந்த நச்சைச் சிதைக்க முடியவில்லை. அந்த மரபணு பழுதானபோது உலகில் பூச்சிக்கொல்லியே இல்லை. இன்று அது வயலிலிருந்து வாய்க்காலுக்கும், ஆற்றுக்கும், கரையோரக் கடலுக்கும் போகிறது.

"திமிங்கிலம் எவ்வளவோ மாறியிருக்கிறது, இதற்கும் மாறிக்கொள்ளும்" என்று என் வகுப்பு நண்பர் ஒருவர் வாதிட்டார். இங்குதான் அந்தச் சிவப்பு வட்டம் நினைவுக்கு வருகிறது. தேவைப்பட்டால் மாறிக்கொள்ளும் என்று நம்புவது, 'வாழ்வதற்காக மாறின' என்று எழுதும் அதே தவறுதான். பல இடங்களில் பழுதான ஒரு மரபணு, தேவை வந்துவிட்டது என்பதற்காகத் திரும்பக் கூடிவராது. காலமும் போதாது. நிலத்திலிருந்து முழுமையாகக் கடலுக்கு மாற ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகள் பிடித்தன. இந்த வகைப் பூச்சிக்கொல்லிகள் பரவலானதோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். கடற்பசு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு கன்றை ஈனும் விலங்கு.

இது தூரத்துக் கதையும் அன்று. செக் ஜாவாவின் கடற்புல் திட்டுகளில் கடற்பசு மேய்ந்த தடங்கள் காணப்பட்டுள்ளன. நம் தென் தீவுகளை ஒட்டி இளஞ்சிவப்பு ஓங்கில்கள் வந்துபோகின்றன. ஜோகூரின் கிழக்குத் தீவுகளிலும், பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் கரையிலும் இவற்றின் உறவினர்கள் வாழ்கின்றன. சிங்கப்பூரில் வயல்கள் குறைவு, நமக்கென்ன என்று ஒதுங்கவும் முடியாது. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. நம் தட்டுக்கு வரும் கீரைக்கு மருந்து தெளிக்கப்படுவது வேறொருவரின் ஆற்றோரத்தில்.

கரையில் சடலங்கள் ஒதுங்கும்வரை காத்திருந்து எண்ண வேண்டியதில்லை. கரையோர நீரிலும், ஒதுங்கும் விலங்குகளின் உடலிலும் இந்த நச்சை முறையாக அளக்க வேண்டும். உயிரியல், வேதியியல் படிக்கும் நம்மைப் போன்ற மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போது இதையும் நினைத்துப் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் குறைந்தது ஒன்றைச் செய்யலாம்: 'பரிணாமம்' என்ற சொல்லை 'முன்னேற்றம்' என்று படிப்பதை நிறுத்தலாம்.

அன்று என் தம்பிக்கு விரலெலும்பின் கதையைச் சொல்லி முடித்தபோது, அந்தத் திமிங்கிலத்தின் வயிற்றில் கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக் குவளையும் கிடைத்ததை அவன் படித்துக்கொண்டிருந்தான். "இதையும் அதால செரிக்க முடியாதுல்ல, அக்கா?" என்றான்.

முடியாது. அதற்காக அது மாறப்போவதும் இல்லை. மாற முடிந்தவர்கள் நாம்தான்.