அது மாதிரி இன்னொண்ணு

கடைவீதியில் தமிழன் அதிகம் உபயோகிக்கும் வார்த்தை 'மாதிரி'. 'போன தடவை வாங்கினது மாதிரி', 'அந்த ஹீரோ போட்ட சட்டை மாதிரி'. பெயர் தெரிய வேண்டியதில்லை. தர்மபுரி கடைக்காரர் புரிந்துகொண்டு எடுத்துப் போட்டுவிடுவார். கம்ப்யூட்டர்தான் முழிக்கும்.

பென்னாகரத்தில் எனக்குத் தெரிந்த பையன், அக்காவுக்குக் கிடைத்த அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் ஓட்டுகிறான். (2011-ல் தொடங்கிய திட்டத்தில் விண்டோஸோடு இதையும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் தயாரிப்பு. அஸ்திவாரம், டெபியன்.) வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். போட்டோவை இத்தனை கேபிக்குள் சுருக்கியாக வேண்டும். ராத்திரி போன் செய்தான்.

'அண்ணா, இதுல போட்டோஷாப் மாதிரி எதுனா இருக்குதா?'

'ஜிம்ப் போடு தம்பி.'

'இந்நேரத்துல ஜிம்முக்கு எதுக்குண்ணா?'

அவன் மேல் தப்பில்லை. சாஃப்ட்வேருக்குப் பெயர் வைப்பவர்கள், அது என்ன செய்யும் என்பதை மட்டும் பெயரில் சொல்லிவிடக் கூடாது என்று சபதம் எடுத்தவர்கள். 2023-ல் வந்த டெபியன் 12-ல் 64,000-க்கும் அதிகமான பொதிகள். எல்லாம் இலவசம். பெயர் தெரியாதவனுக்கு இருந்தும் இல்லாததுதான்.

கிராபிக்ஸ், விளையாட்டு, எடிட்டர் என்று பிரிவுகள் உண்டு. ஆனால் ஒரு பொதிக்கு ஒரே பிரிவு. அங்கேதான் சிக்கல். எழுத்தைச் சரியாக டைப் அடித்தால் பென்குயின் மீன் தின்னும் 'டக்ஸ் டைப்பிங்' பாடமா, விளையாட்டா? நம்மூர் ராகி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் களி, சர்க்கரைக்காரருக்குப் பத்தியம், கைக்குழந்தைக்குக் கூழ். எந்த அலமாரியில் வைப்பது?

இதற்கு விடை கண்டவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டை, அதே நட்டு போல்ட்டு. மாற்றி முடுக்கினால் வேறு பொம்மை. புத்தகத்தையும் ஏன் இப்படி அடுக்கக் கூடாது என்று யோசித்தார். 1933-ல் வந்தது கோலன் பகுப்புமுறை. எதைப் பற்றி, எந்த இடம், எந்தக் காலம் என்று ஒரு புத்தகத்துக்குப் பல முகங்கள். கோக்க ஒரு முக்காற்புள்ளி.

அதே யோசனையை 2000-களில் டெபியனுக்குக் கொண்டுவந்தவர் என்ரிகோ ஜினி. பெயர் டெப்டேக்ஸ். ஒரு பொதிக்குப் பல சீட்டுகள்: என்ன வேலை, எதன்மேல் வேலை, எந்த மொழிக்காரருக்கு. சீட்டில் இரட்டை முக்காற்புள்ளி. ரங்கநாதனுக்கு டபுள் மரியாதை! இரண்டு பொதிகளுக்குப் பொதுவான சீட்டுகள் நிறைய இருந்தால் அவை ஒன்று 'மாதிரி' இன்னொன்று. கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம்தான்.

ஆனால் சீட்டு தானாக ஒட்டிக்கொள்ளாது. யாராவது பொறுமையாக உட்கார்ந்து ஒட்ட வேண்டும். எழுதின புரோகிராமருக்கு அது போரடிக்கிற வேலை. பென்னாகரத்துப் பையனுக்கோ, இந்த வருஷமா அடுத்த வருஷமா என்கிற வித்தியாசம். (பதினொன்றரைக்கு அனுப்பிவிட்டான். பிழைத்தான்.)

'ஒரு பொருளுக்கு ஒரு பெட்டி போதும் சார்' என்பவர்கள் நாளைக்கு ஆபீஸ் பீரோவைத் திறந்து, இருப்பதிலேயே தடியான ஃபைல் எது என்று பாருங்கள்.

மேலே 'இதர' என்று எழுதியிருக்கும்.