சுகாதாரக் கல்வியாளர் காணத் தவறும் நோய்

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். தலித் மக்களுக்கான மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி மூன்று தலித்துகள் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அப்பகுதி மக்கள் அதனை ஏற்கவில்லை. அவ்வழக்கு எவ்வாறு முடியினும், அன்று ஆய்வுக்குச் சென்ற மாவட்ட நிர்வாகத்தின் கண்முன்னே வெளிப்பட்ட இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் மறுக்க இயலாத உண்மைகள்.

நாம் எழுப்பும் வினா இதுவே: இரட்டைக் குவளை ஆட்சியர் சென்ற நாளிலா பிறந்தது? சுகாதாரப் பணியாளரின் காலடி படாத ஊர் தமிழகத்தில் அரிது. ஆண்டுக்கணக்கில் கைகழுவும் முறையையும் நீரைக் கொதிக்கவைத்துப் பருகுவதையும் கற்பித்தவர்கள், யார் எந்தக் குவளையில் பருகுகிறார் என்பதை ஏன் பதிவு செய்யவில்லை?

சுவரொட்டியும் விளக்கப்படமும் தொடக்கநிலைத் திறன்கள். அனுபவம் மிக்க சுகாதாரக் கல்வியாளருக்குரிய உயர்திறன் வேறு. அமெரிக்காவில் இத்தொழிலுக்கு 2020இல் வகுக்கப்பட்ட எட்டுப் பொறுப்புகளில், மக்களின் தேவையைக் கண்டறிதல் முதலாவது. அவர்களுக்காகக் குரல்கொடுத்தலும் தொழில் அறமும் தனித்தனிப் பொறுப்புகளாக இடம்பெற்றுள்ளன. நம் நாட்டில் இம்மூன்றும் சாதியைத் தொடாமல் நிறைவேறா. தலித் குழந்தைகளைத் தொடாமல் மருந்து வழங்கும் வழக்கத்தை, குஜராத், ராஜஸ்தான் சிற்றூர்களில் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010லேயே வெளிக்கொணர்ந்தது. தீண்டாமை கற்பிப்பவரின் கையிலேயே இருக்கும்போது, கற்பவரின் அறியாமையைக் குறைகூறுவது அறமாகாது.

சட்டம் நம் பக்கம் உள்ளது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீராதாரத்தை மாசுபடுத்துவதையும், ஆரம்ப சுகாதார நிலையத்தை அவர்கள் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. இதனை அறியாத மூத்த சுகாதாரக் கல்வியாளர் பாதி மருந்தையே சுமந்து செல்கிறார்.

எனவே நாம் கோருவன மூன்று. மூத்த பணியாளர்களுக்கான பயிற்சியில் சாதியும் இச்சட்டமும் பாடமாக வேண்டும். களப் பதிவேட்டில் குடிநீர், மயானம், சுகாதார நிலையம் ஆகியவற்றில் நிலவும் பாகுபாட்டுக்குத் தனிப் பத்தி வேண்டும். அதனைப் பதிவு செய்யும் கடைநிலைப் பணியாளருக்கு நிர்வாகத்தின் பாதுகாப்பு வேண்டும். கிராமங்களுக்குக் களப்பணி செல்லும் மாணவர்கள் அப்பத்தியை இன்றே தம் குறிப்பேட்டில் தொடங்கலாம்.