காபி ஆற்றுகிறவர் யூசர் இல்லையா?

எங்கள் வகுப்பில் இந்த செமஸ்டரும் மூன்று குழுக்கள் காபி ஆர்டர் செய்யும் ஆப்பைத்தான் ப்ராஜெக்டாக எடுத்திருக்கின்றன. போன வருடம் நாங்களும் அதையேதான் செய்தோம். அதற்கு முந்தைய வருட சீனியர்களும் அதையேதான். சமையல் பழகுகிறவர்களுக்கு உப்புமா எப்படியோ, டிசைன் படிக்கிற எங்களுக்குக் காபி ஆப் அப்படி. முதலில் அதைத்தான் கிண்டுவோம்.

கிண்டுவதில் தப்பில்லை. கிண்டியதை ருசி பார்க்கிற விதத்தில்தான் தப்பு. இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் சண்டை போடலாம் என்றிருக்கிறேன். முதலில் என்னோடு, அப்புறம் உங்களோடு.

சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். காபி ஆர்டர் ஆப்புக்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் போனைத் தட்டுகிறவர், மறுமுனையில் காபி போடுகிறவர். தட்டுகிறவரை மட்டும் சோதித்துவிட்டு ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் 'யூசர் சென்டர்டு டிசைன்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறோமே, அது பொய். தெரியாமல் சொல்லும் பொய் என்றுகூடச் சொல்ல மாட்டேன். வசதியான பொய்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். கல்லூரி கேன்டீனில் கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்கி, அதைக் காபி மாஸ்டர் முன்னால் வைக்க வேண்டும். 11 மணி பிரேக் 15 நிமிடம்தான். அதில் பாதி வரிசையிலேயே போய்விடும். 'இந்த வரிசையை ஒழிப்போம்' என்று கிளம்பினோம். பேட்டி எடுத்தோம், பெர்சோனா எழுதினோம், சுவரெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டினோம். பேட்டி கொடுத்தவர்கள் அத்தனை பேரும் மாணவர்கள். காகிதத்தில் திரைகளை வரைந்து, பிறகு கம்ப்யூட்டரில் ப்ரோட்டோடைப். பொத்தான்கள் எல்லாம் ஆப்பிள் சொல்லும் 44 பாயின்ட் அளவுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம். சர்க்கரைக்கு ஒரு ஸ்லைடர் வைத்தோம், 0 முதல் 100 வரை.

பிறகு மதிப்பீடு. வகுப்புத் தோழர்கள் ஐந்து பேரை ஏசி அறையில் உட்காரவைத்து 'ஒரு ஸ்ட்ராங் காபி ஆர்டர் செய்யுங்கள்' என்றோம். ஐந்து பேரும் ஒரு நிமிடத்துக்குள் முடித்தார்கள். ஸ்லைடரை எல்லோருக்கும் பிடித்திருந்தது. எஸ்.யூ.எஸ். கேள்வித்தாள் கொடுத்தோம், 80க்கு மேல் மதிப்பெண். ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டோம்.

அந்த அறையில் காபி வாசனைகூட இல்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

நிற்க. கேன்டீனில் ஒரே ஒரு நாள் நிஜமாக ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. மாஸ்டருக்குப் பழைய டேப்லெட் ஒன்றை பாய்லர் பக்கத்தில் மாட்டிக் கொடுத்தோம். ஆர்டர் அதில் வரும். காபி போட்டதும் அவர் 'ரெடி' என்று தட்ட வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தோம். திரையில் இருந்தது பொடிப்பொடியான ஆங்கில எழுத்து. அவர் தமிழ் மட்டும் படிப்பவர் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். பாய்லர் ஆவியில் திரை வியர்த்துக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு கையும் ஈரம். ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் ஒழுங்காகக் கேட்காது. நாலு தடவை தட்டினால் ஒரு தடவை வேலை செய்தது. முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டார்: "தம்பி, சக்கரை முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே, அது அரை ஸ்பூனுக்கு மேலயா கீழயா?" எங்களிடம் பதில் இல்லை. டோக்கனை நீட்டிக்கொண்டே 'அண்ணே, சக்கரை கம்மி' என்றால் அவருக்கு ஒரு நொடியில் புரிகிற விஷயம் அது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பிரேக்குக்கு முன்பே, வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆளாளுக்கு ஆர்டர் தட்டிவிட்டார்கள். மாஸ்டர் வந்த வரிசையில் போட்டு வைத்தார். அன்றைக்கென்று பார்த்துப் பேராசிரியர் பாடத்தை நீட்டிவிட்டார். மாணவர்கள் வந்து சேரும்போது டம்ளர்களில் ஆடை படிந்திருந்தது. இன்னொரு பக்கம், டோக்கன் வாங்கி நின்றவர்கள் முன்னால் ஆளே இல்லாத வரிசையில் காத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ காபி போய்க்கொண்டே இருக்கிறது, கண்முன் நிற்கும் தங்களுக்கு வரவில்லை. கத்தினார்கள். யாரைப் பார்த்து? எங்களையா? மாஸ்டரைத்தான்.

இதைவிட மோசமான ஒன்றும் செய்திருந்தோம். காபிக்கு ஸ்டார் கொடுக்கும் வசதி. ஆறிய காபி குடித்தவர்கள் சரமாரியாக ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் போட்டார்கள். அது கேன்டீன் எடுத்து நடத்துகிறவரின் போனில் கிராப்பாகத் தெரியும்படி நாங்களே பெருமையாகச் செய்து கொடுத்திருந்தோம். மறுநாள் டேப்லெட்டைக் கழற்றப் போனபோது, அவர் எங்கள் கண்ணெதிரே மாஸ்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். "உன் காபிக்கு ரெண்டு ஸ்டார்தான்யா வந்திருக்கு!" எங்கள் அப்பா வயதுள்ள மனிதர். அவர் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. "காபி நல்லாத்தான் தம்பி போட்டேன். நீங்க வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு" என்றார். அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் அந்த நாளைப் பற்றி என்ன எழுதினோம் தெரியுமா? 'கள ஆய்வில் மாணவர்களிடையே பெரும் வரவேற்பு.' நல்ல கிரேடு வந்தது. அந்த வரியைத் தட்டச்சு செய்தவன் நான்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். 'ஐந்து பேர் போதும்' என்று நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோமே, ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது, அதை முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? ஒருவரைச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியும், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரியும் என்பது அவர் கணக்கு. அதனால் ஒரே தடவையில் 15 பேரைச் சோதிக்காதே, ஐந்து ஐந்தாக மூன்று சுற்று வை, நடுவில் திருத்து என்கிறார். நாம் முதல் சுற்றோடு கடையைக் கட்டிவிடுகிறோம். அதோடு, முற்றிலும் வேறுபட்ட யூசர் கூட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனியாக ஆட்களைச் சோதிக்க வேண்டும் என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. போனைத் தட்டும் மாணவரும் பாய்லர் முன் நிற்கும் மாஸ்டரும் ஒரே கூட்டமா?

எஸ்.யூ.எஸ். கதையும் இதேதான். ஜான் பிரூக் 1986இல் உருவாக்கிய பத்தே கேள்விகள். 68ஐச் சராசரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். நல்ல கருவிதான். ஆனால் அது கேட்பது, பதில் எழுதுகிறவருக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும்தான். காபி சூடாக இருந்ததா, பக்கத்து வரிசைக்காரர் எவ்வளவு நேரம் நின்றார், காபி போட்டவர் எத்தனை முறை கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைத் தட்டினார் என்பதெல்லாம் அதில் வராது. தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு எடை பார்த்துவிட்டோம் என்று சொல்லலாமா?

சர்வதேச தரநிலைக் காரர்களே இதைச் சொல்லியாகிவிட்டது. 2010இல் வந்த ஐஎஸ்ஓ 9241-210 'யூசர் சென்டர்டு' என்று பெயர் வைக்கவில்லை, 'ஹியூமன் சென்டர்டு' என்றுதான் வைத்திருக்கிறது. காரணத்தையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக யூசர் என்று நாம் நினைக்கிறவர்களோடு நிற்காமல், பாதிக்கப்படும் மற்றவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சொல். தேர்வில் இந்த எண்ணை எழுதி மார்க் வாங்குகிற நாம், அது சொல்வதைக் கேன்டீன் வாசலில் செருப்போடு சேர்த்து விட்டுவிடுகிறோம்.

'இதெல்லாம் மாணவர்களின் கத்துக்குட்டித்தனம், பெரிய கம்பெனிகள் இப்படிச் செய்யாது' என்பீர்கள். ஸ்டார்பக்ஸைப் பாருங்கள். போனிலேயே ஆர்டர் செய்து பணமும் கட்டும் வசதியை 2014 டிசம்பரில் போர்ட்லாந்தில் தொடங்கி, 2015 செப்டம்பரில் அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனார்கள். போனைத் தட்டுகிறவருக்கு அருமையான ஆப். 2017 ஜனவரியில் கம்பெனியே ஒத்துக்கொண்டது: கூட்டம் அதிகமுள்ள கடைகளில் ஆப் ஆர்டர்கள் டெலிவரி மேடையில் குவிகின்றன, நேரில் வருகிறவர்கள் நெரிசலைப் பார்த்துவிட்டு வாங்காமலே போகிறார்கள் என்று. வரிசை ஒழியவில்லை. கல்லா முன்னாலிருந்து காபி போடுகிறவர் முன்னால் நகர்ந்தது, அவ்வளவுதான்.

2023 நவம்பரில் அங்குள்ள தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது ஒரு கோரிக்கை, சலுகை நாட்களில் ஆப் ஆர்டரை நிறுத்திவைக்கும் வசதி வேண்டும் என்பது. யோசித்துப் பாருங்கள். ஒரு பொத்தானுக்காகத் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. பயனர் ஆய்வில் யாராவது முதலிலேயே அவர்களைக் கேட்டிருந்தால் அது ஒரு மஞ்சள் சீட்டில் முடிந்திருக்கும். 2024இல் ஹோவர்டு ஷுல்ட்ஸே ஒரு பேட்டியில், காலை 8 மணிக்கு சிகாகோ கடை ஒன்றில் பார்த்த நெரிசலைச் சொல்லி, அந்த ஆப்தான் கம்பெனியின் பெரிய பலவீனமாகிவிட்டது என்கிற பொருளில் புலம்பினார். ஆர்டர்களை எந்த வரிசையில் போடுவது என்று ஒழுங்குபடுத்தும் ஏற்பாட்டை 2025இல்தான் கடைகளுக்குப் பரப்பினார்கள். பத்து வருடம்! எங்கள் கேன்டீனில் மேடைமேல் வரிசையாகக் கிடக்கும் டோக்கன்கள் அந்த வேலையை எத்தனையோ காலமாகச் செய்துகொண்டிருக்கின்றன. எத்தனை காபி பாக்கி என்று மாஸ்டருக்கும் தெரியும், வரிசையில் நிற்பவருக்கும் தெரியும். ஆள் நேரில் வராமல் காபி தொடங்காது, அதனால் ஆறாது. நாம் 'பழைய முறை' என்று ரிப்போர்ட்டில் ஒரே வரியில் தள்ளிவிட்ட டோக்கன், நம் ஆப்பைவிட நல்ல டிசைன்.

'காசு கொடுப்பவர்தானே யூசர்? வேலை செய்பவருக்குச் சம்பளம் இருக்கிறதே' என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, காசு கொடுப்பவர் பக்கமே நின்று பேசுவோம். அவருக்கு வேண்டியது திரையா, காபியா? மாஸ்டரின் கை தடுமாறினால் முதலில் கெடுவது வாடிக்கையாளரின் காபிதான்.

ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேன்டீன் இரைச்சலில் பேசிப் புரியவைக்கச் சிரமப்படும் காது கேளாத தோழிக்கு அது பெரிய உதவி. ஒழுங்காகச் செய்யுங்கள் என்கிறேன். இந்த வருடம் செய்யப்போகும் மூன்று குழுக்களுக்கும் நான்கு வேண்டுகோள்.

1. முதல் பேட்டி மாஸ்டரிடம். கேள்வித்தாளோடு போகாதீர்கள். ஒரு பிரேக் முழுக்க அவர் பக்கத்தில் நின்று கைகளை மட்டும் பாருங்கள்.

2. ஸ்லைடரைத் தூக்கிப்போடுங்கள். ஸ்ட்ராங், லைட், சர்க்கரை கம்மி, சர்க்கரை இல்லாமல். மாஸ்டர் காதில் விழுகிற சொற்களே பொத்தான்களாக இருக்கட்டும். அவர் பக்கம் திரை வேண்டாம், பெரிய தமிழ் எழுத்தில் ஒரு சீட்டு அச்சாகி வந்தால் போதும். அதை டோக்கன் வரிசையிலேயே வைத்துக்கொள்வார்.

3. மாணவர் வந்து 'வந்துட்டேன்' என்று தட்டிய பிறகே சீட்டு அச்சாகட்டும். மாஸ்டர் சமாளிக்கும் அளவைத் தாண்டினால், 'இப்போது முடியாது, பத்து நிமிடம் ஆகும்' என்று ஆப் உண்மையைச் சொல்லட்டும். நிறுத்தும் பொத்தான் மாஸ்டர் கையில் இருக்கட்டும்.

4. சோதனையை 11 மணிக்கு, கேன்டீனிலேயே வையுங்கள். ஆர்டர் செய்ய எத்தனை வினாடி என்பதோடு நிறுத்தாமல் முதல் வாய் குடிக்கும்வரை எத்தனை நிமிடம் என்று அளங்கள். திரும்பப் போட்ட காபிகளை எண்ணுங்கள். டோக்கன் வரிசைக்காரர் காத்த நேரத்தையும் குறியுங்கள். ஸ்டார் கொடுக்கும் வசதியா? வைத்தே தீருவேன் என்றால் ஆப்புக்கு வையுங்கள், மனிதருக்கு வேண்டாம்.

இதையெல்லாம் செய்தால் உங்கள் எஸ்.யூ.எஸ். மதிப்பெண் எங்களுடையதைவிடக் குறையலாம். கிரேடும் குறையலாம். ஆனால் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுதுவது உண்மையாக இருக்கும்.

பி.கு: மாஸ்டர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறார். நான் டோக்கனை வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை, ஸ்ட்ராங்காக, சர்க்கரை கம்மியாகத் தானே வந்துவிடும். இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளை 11 மணிக்குக் கூட்டமாக இருக்கும், 4 மணிக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.