கப்பல் நமது, எரிபொருள் யாருடையது?



1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கப்பல் நம்முடையதாயிற்று. ஆனால், கப்பல் இருந்தால் மட்டும் போதுமா? ஏடனிலும் ஜிப்ரால்டரிலும் நிலக்கரியைக் குவித்து வைத்ததாலன்றோ ஆங்கிலேயன் கடலை ஆண்டான்! பின்னர் நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. இன்று எண்ணெய்க்கும் விடை கொடுக்கும் காலம் நெருங்குகிறது.

உலகை வெப்பமாக்கும் வாயுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கப்பல்கள் வெளியிடுபவை. 2050 வாக்கில் இந்நிலையை மாற்றுவதென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023-இல் குறிக்கோள் வகுத்தது. மாற்று எரிபொருள்களுக்கு மூலம் ஹைட்ரஜன். வெயிலாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தை நீரில் பாய்ச்சினால் அது பிரியும். நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. கரியமில வாயுவோடு சேர்த்தால் மெத்தனால்.

வெயிலுக்கும் காற்றுக்கும் நம்மிடம் பஞ்சமா? தூத்துக்குடியின் உப்பளங்களையும் முப்பந்தலின் காற்றாலைகளையும் கண்டவர் அப்படிக் கேட்கமாட்டார். 2023-இல் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்திற்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. காண்ட்லா, பாரதீப், தூத்துக்குடித் துறைமுகங்கள் இதற்கு மையங்களாகும் என்றும் அறிவித்தது.

மகிழ்ச்சி! ஆயினும், கைதட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள்.

முதற் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் தூய நீரேனும் வேண்டும். தூத்துக்குடியோ குடிநீருக்குத் தாமிரபரணியை நம்பி வாழும் ஊர். உழவனின் நீரில் கை வைக்கலாகாது. "கடல்நீரை நன்னீராக்கினால் செலவாகுமே" என்பர். ஆயிரம் லிட்டரை நன்னீராக்க நான்கைந்து யூனிட் மின்சாரம் போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கோ ஐம்பது யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஆகவே அது வெறும் சாக்கு.

இரண்டாவது கேள்வி, எரிபொருள் யாருக்கு? எண்ணெயைவிட இதன் விலை மிகுதி. கொடுத்து வாங்கக்கூடியவை செல்வ நாடுகள். அவற்றுக்கே அனைத்தையும் ஏற்றியனுப்பினால், பஞ்சை அனுப்பித் துணியை வாங்கிய பழைய கதைதான். பாரதீப்பிலிருந்து தூத்துக்குடி அனல் மின் நிலையத்திற்கு நிலக்கரி சுமந்து வரும் கப்பல்கள் முதலில் இதில் ஓடட்டும். நம் மாலுமிகள் பழகட்டும். அம்மோனியா நச்சு வாயு. பழக்கமில்லாத கையில் அது உயிரைக் குடிக்கும். துறைமுகத் தொழிலாளிக்குப் பயிற்சியும் காப்பும் தந்த பின்னரே குழாய் திறக்கவேண்டும்.

ஊரைவிட்டு நெடுந்தொலைவில் பொறியியலும் ரசாயனமும் பயிலும் நமக்கு இதில் பங்கில்லையா? இந்த யந்திரங்களையும் அயல்நாட்டிலிருந்தே வாங்கப் போகிறோமா, நாமே செய்யப் போகிறோமா? கப்பலோட்டிய தமிழனைப் பற்றி மேடையில் பேசினோம், போதும். இனி அவன் ஊரிலிருந்து புறப்படும் கப்பலுக்கு எரிபொருள் செய்யக் கற்போம்.